ஐப்பசி அடைமழையில் தணிகை முதல் பூண்டி வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கே.ஜி.கண்டிகையில் கோயிலுக்குப் போகிறவர்களின் பேச்சு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "மழை விடட்டும், போகலாம்." திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த ஊர் எங்களுடையது. கிழக்கே போனால் முருகன், மேற்கே போனால் நரசிம்மர். இரு திசையிலும் பேருந்து உண்டு. இருந்தும் மழைக்காலத்தில் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. அறுபது வயது கடந்த நானும் அந்த வாக்கியத்தைச் சொல்லியே பல ஐப்பசிகளைக் கழித்தவன்தான். அதை மாற்றியவன் என் தங்கையின் மகன். பத்து வயது நிரம்பாத சிறுவன்.

தங்கை குடும்பம் இங்கிலாந்தின் வடபகுதியில், லங்காஷயர் மாவட்டத்தில் வசிக்கிறது. அங்கே அக்டோபர் இறுதியில் பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை விடுவார்கள். அந்த ஒரு வாரத்தில் நான்கு நாட்களை எங்களுக்கென்று ஒதுக்கிக்கொண்டு அவளும் மகனும் வந்து இறங்கினார்கள். இறங்கிய அன்றே வானம் இருண்டது. நான் வழக்கம்போல, "மழை விடட்டும்" என்றேன். பையன் என்னை வியப்போடு பார்த்தான். "எங்க ஊர்ல அப்படிச் சொன்னா வருஷம் பூரா வீட்லயேதான் இருக்கணும் மாமா!" மழை நாளில் எங்கே போவது என்பதற்கு அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மனப்பட்டியல் உண்டாம். பழைய கோட்டை, அருங்காட்சியகம், மீன் காட்சியகம் என்று கூரையுள்ள இடமாகத் தேடிப் போவார்களாம்.

ஓர் உண்மையை அன்பர்கள் கவனிக்க வேண்டும். மழைக்குப் பெயர்பெற்ற அந்த நாட்டின் தலைநகரான லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். நம் சென்னையில் பெய்வது சுமார் 1400. ஆனால் அவர்களுக்கு அது பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பிரிந்து விழுகிறது. நமக்கோ பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுகிறது. அவர்கள் மழையோடு வாழப் பழகினார்கள்; நாம் மழைக்கு ஒதுங்கி நிற்கப் பழகினோம். கூரையுள்ள இடம் என்று பார்த்தால், நம் முன்னோர் கருங்கல்லில் எழுப்பிய மண்டபங்களைவிட உறுதியான கூரை எது? அன்றிரவு நானும் ஒரு பட்டியல் போட்டேன்.

பட்டியல் போட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைத் தங்கையிடம் சொல்லக்கூடாதென்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. கண்ணில் நீரழுத்த நோய். இடக்கண்ணில் பார்வை முற்றிலும் போய்விட்டது. வலக்கண்ணில் எஞ்சியிருப்பது, ஒரு மூங்கில் குழாய் வழியே பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கைபேசியில் முகம் காட்டிப் பேசும்போது எந்தக் கண் பார்க்கிறது, எந்தக் கண் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று கடல் கடந்து இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? "கூட்டம் இருந்தா எனக்குச் சாமி தெரியாதுடா. மழையில கூட்டம் இருக்காது. அவளோட சேர்ந்து ஒரு தடவை பார்த்துடறேன். அவ நிம்மதியா ஊருக்குப் போகட்டும்" என்றார் அம்மா.

முதல் நாள் தணிகை. தங்கைக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. குறைமாதத்தில் பிறந்த மகன் பிழைத்து நடந்தால், அவனைக் கால்நடையாகப் படியேற்றி அழைத்து வருவதாக வேண்டிக்கொண்டவள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். தாயும் மகனும் தூறலில் படியேற, நானும் அம்மாவும் மலைப்பாதையில் காரில் சென்றோம்.

மழையில் தணிகை மலையைப் பார்க்காதவர்கள் பாதித் தணிகையைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன். இருபுறமும் உள்ள குன்றுகளில் வெளிறிய ஒன்றைப் பச்சரிசி மலை என்றும், கறுத்த ஒன்றைப் பிண்ணாக்கு மலை என்றும் இங்குள்ளோர் அழைப்பர். கோடையில் அந்த நிறபேதம் நன்றாகத் தெரியும். மழை பெய்து பாறை நனைந்துவிட்டால் இரண்டும் ஒரே கருமையாகி, நடுவில் கோபுரம் மட்டும் வெளுத்து நிற்கும். அடிவாரத்துச் சரவணப் பொய்கையின் நீரில் துளிகள் விழுந்து வட்டமிடுவதை மேலிருந்து பார்த்தால், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நாம் காவடிகளுக்கிடையே நெருக்குண்டு கடந்த ஊர்தானா இது என்று தோன்றும்.

பையன் படிகளை எண்ணிக்கொண்டே வந்தானாம். இருநூற்றைத் தாண்டியதும் கணக்கு விட்டுப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து ஏறுவோமா என்று கேட்டானாம். அவனுக்கு அந்தப் படிகளின் கதையைச் சொன்னேன். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், ஆங்கிலப் புத்தாண்டன்று நம்மவர்கள் பழமும் மாலையும் ஏந்தி வெள்ளைக்காரத் துரைகளின் வீட்டு வாசலில் காத்து நிற்பது வழக்கமாக இருந்தது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அதை மாற்றினார். துரைகளுக்கெல்லாம் துரை தணிகையில் இருக்க, வேறு துரை எதற்கு என்று கூறி, அன்பர்களைத் திருப்புகழ் பாடியபடி இந்தப் படிகளில் ஏற்றினார். டிசம்பர் 31 இரவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமமிட்டுப் பூச்சூட்டிப் பாடிச் செல்லும் படித் திருவிழா நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருவது அவரால்தான். இங்கிலாந்தில் வளரும் பையன் இதைக் கேட்டுவிட்டு, "அந்தத் துரைங்க கோவிச்சுக்கலையா?" என்றான். தெரியவில்லை, ஆனால் இங்கிருப்பவர் கோபம் தணிந்தவர் என்றேன்.

தலத்தின் பெயரே அதுதான். சூரனோடு செய்த போரின் சினமும், வள்ளியை மணக்க வேடரோடு செய்த போரின் சினமும் தணிந்து முருகன் அமர்ந்த இடம் தணிகை. ஆகவேதான் மற்றப் படைவீடுகள் கந்த சஷ்டியில் சூரசம்ஹாரத்துக்கு ஆயத்தமாகும்போது, இங்கே சம்ஹாரம் கிடையாது. பெருமானுக்கு மலர் சொரிந்து குளிர்விக்கிறார்கள். சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதில் யானை நிற்பதும், அது சந்நிதியைப் பாராமல் கிழக்கு நோக்கி நிற்பதும் இத்தலத்தின் சிறப்பு. தெய்வானைக்குச் சீதனமாக ஐராவதத்தைக் கொடுத்தபின் இந்திரனின் செல்வம் குன்றியதாகவும், யானையின் பார்வையாவது தன் திசையில் இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டதாகவும் சொல்வர். பெண்ணையும் கொடுத்து, சீரையும் கொடுத்துவிட்டு, பார்வை ஒன்றை மட்டும் மீதி கேட்ட தகப்பன்! இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அம்மாவின் பக்கத்தில் நின்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது.

கூட்டமே இல்லை. முன்வரிசையில் நிற்கக் கிடைத்தது. கற்பூர ஆரத்தி உயரும்போது அம்மா தலையை இடமும் வலமும் மெல்ல அசைத்து, தன் குழாய்ப் பார்வைக்குள் சுடரைப் பிடிக்க முயன்றார். நான் குனிந்து, "தெரியுதாம்மா?" என்றேன். "முகம் தெரியுது. போதும்" என்றார். தங்கை கண்களை மூடிக் கைகூப்பி நின்றதால் எதையும் கவனிக்கவில்லை.

இறங்கும் வழியில் பையன் என்னிடம் தனியாகக் கேட்டான்: "ஆயா ஏன் மாமா குடையை விரிக்கவே மாட்டேங்கறாங்க? நனையறாங்க, ஆனா மூடியே வெச்சிருக்காங்க." உண்மைதான். நீண்ட கறுப்புக் குடையை அம்மா விரிக்கவில்லை. முன்னே நீட்டித் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். காற்றில் குடை பறந்துவிடும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

ஊருக்குத் திரும்புமுன் நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் சற்று நேரம் இருந்தோம். மலைக்கு வரும் ஆயிரம் பேரில் ஒருவர் இங்கே எட்டிப் பார்ப்பாரா என்பது ஐயமே. பல்லவ மன்னன் அபராசிதன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி. விமானம் தூங்கும் யானையின் முதுகைப்போல் வளைந்த அமைப்பு. இங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா இருக்கிறது. அதைப் பாடியவர் அரசரே என்று கல்வெட்டே குறிக்கிறது. அரசன் ஒருவன் தன் குடிமகன் கட்டிய கோயிலுக்குத் தானே கவி எழுதிக் கொடுத்த ஊர் இது. மழைக்கு ஒதுங்கவேனும் இங்கே வாருங்கள்.

இரண்டாம் நாள் சோளிங்கர் போனோம். போனோம் என்றுதான் சொல்ல முடியும், ஏறவில்லை. பெரிய மலையில் யோக நரசிம்மர்; சுமார் 1305 படிகள். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர்; 406 படிகள். ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம், இங்கே தங்கினாலே முக்தி என்பதால் திருக்கடிகை என்று பெயர். ஆண்டு முழுவதும் யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது ஐதிகம். அம்மாதத்து ஞாயிறுகளில் நிற்க இடம் கிடைக்காது. 2024 முதல் கம்பிவட ஊர்தி ஓடுவதால் முதியோருக்கு மலை எட்டிவிட்டது. ஆனால் காற்றும் மழையும் மிகுந்தால் அதை நிறுத்தி வைப்பார்கள். அன்று நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். நனைந்த படிகளில் அம்மாவை ஏற்றுவதை நினைக்கவும் முடியாது. மழை நாளில் சோளிங்கர் செல்வோர் புறப்படுமுன் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நலம்.

தங்கையின் முகம் வாடிவிட்டது. ஊருக்குள் இருக்கும் பக்தவத்சலப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தக்கான் குளக்கரையில் நின்றபடி அம்மா தொட்டாச்சாரியாரின் கதையை எடுத்தார். ஆண்டுதோறும் காஞ்சி வரதனின் கருட சேவைக்குத் தவறாமல் சென்றவர் அவர். ஓராண்டு செல்ல இயலவில்லை. இந்தக் குளக்கரையில் நின்று உருகினார். கருடன்மேல் வரதன் அவருக்கு இங்கேயே காட்சி கொடுத்தான். இன்றும் காஞ்சியில் வைகாசி கருட சேவையின்போது, கோபுர வாசலில் பெருமாளை ஒரு கணம் குடையால் மறைப்பார்கள். அந்த ஒரு கணம் அவன் சோளிங்கருக்குப் போயிருக்கிறான் என்று பொருள். "நாம போக முடியலைன்னா அவரே வருவாரு. நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே?" என்றார் அம்மா. மலை இருந்த திசையில் மேகம் மட்டுமே தெரிந்தது. அம்மாவும் எங்களைப்போலவே அந்த மேகத்தைக் கும்பிட்டார். அன்று பார்வையில் நாங்கள் நால்வரும் சமம்.

மூன்றாம் நாள் திருவாலங்காடு. என் பட்டியலில் மழைக்கென்றே அமைந்த கோயில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். திருத்தணியிலிருந்து கரும்பு வயல்களுக்கிடையே செல்லும் சாலை. விரிந்த பிராகாரங்கள். மண்டபத்தில் அமர்ந்தால் சாரல் எட்டாது. ஆனால் நாலாபுறமும் மழை விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். கல் தாழ்வாரத்திலிருந்து நீர் கொட்டும் இடத்தில் பையன் கையை நீட்டி நீட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

ஐந்து அம்பலங்களில் இது இரத்தின சபை. காளியை முதலில் வணங்கிவிட்டே வடாரண்யேசுவரரை வணங்க வேண்டும் என்பது இத்தலத்து மரபு. காளியோடு ஆடிய போட்டியில், ஆட்டத்தின் நடுவே பெருமான் தன் குழை கீழே விழ, அதைக் கால்விரலால் எடுத்து அப்படியே காலை உயர்த்திக் காதில் அணிந்துகொண்டார். பெண்மைக்குரிய நாணத்தால் காளியால் அது முடியவில்லை. அந்த ஊர்த்துவ தாண்டவத் திருமேனியைத்தான் இங்கே காண்கிறோம். இதையெல்லாம் அம்மாதான் பேரனுக்குச் சொன்னார், தூணில் சாய்ந்து, கண்களை மூடியபடி, கையால் அபிநயம் பிடித்துக்கொண்டே. பையன் என் காதருகே, "ஆயாவுக்குத் தூக்கம் வருதா?" என்றான்.

பிறகு காரைக்கால் அம்மையார். கணவன் விட்டுச் சென்றபின் இந்த அழகு இனி எதற்கென்று பேய் வடிவம் வேண்டிப் பெற்றவர். கயிலையைக் காலால் மிதிக்கலாகாதென்று தலையால் நடந்து சென்றவர். பெருமான் வாயாலேயே 'அம்மையே' என்று அழைக்கப்பட்டவர். அவர் கேட்ட வரம், ஆடும் திருவடியின்கீழ் என்றும் இருப்பது. அது அருளப்பட்ட இடம் ஆலங்காடு. தலையால் நடந்த அம்மை வந்து சேர்ந்த தலத்தை எப்படிக் காலால் மிதிப்பதென்று ஞானசம்பந்தர் ஊருக்குள் நுழையத் தயங்கிப் பக்கத்து ஊரில் தங்கினார் என்பர். நாமோ செருப்பை எங்கே விடுவது என்பதைத்தான் யோசிக்கிறோம். நடராசரின் திருவடிக்குக் கீழே ஒடுங்கி அமர்ந்த அம்மையை அம்மா நெடுநேரம் நோக்கியிருந்தார். எலும்பும் தோலுமான அந்த உருவத்தில் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ, நான் கேட்கவில்லை.

இக்கோயிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை இரண்டு. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்கு வழங்கியதைக் கூறும் பெரும் செப்பேட்டுத் தொகுதி 1905இல் இங்கே கிடைத்தது. சோழர் வரலாற்றை எழுதியவர்களுக்கு அது ஒரு புதையல். இத்தலத்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நிழற்படத்தைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் மனம் நெகிழ்ந்து சிவனின் ஆடலைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சென்னைவாசிகள் மழை நாளில் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். எழும்பூரில் கண்டதை இன்னொரு நாள் ஆலங்காட்டில் வந்து முடித்துக்கொள்ளலாம்.

அன்று தக்கோலத்துக்கும் போக நினைத்திருந்தோம். திருவூறல் என்று பாடப்பெற்ற தலம் அது. ஊற்று நீரே பெயரான ஊரை மழையில் பார்க்க வேண்டாமா? 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடி போரில் மடிந்ததும் அங்கேதான். ஆனால் மாலையில் மழை வலுத்தது. ஓடை பெருகியிருக்கிறது, போக வேண்டாம் என்று எதிரே வந்த ஆட்டோ ஓட்டுநர் சொன்னார். திரும்பிவிட்டோம். ஆந்திரப் பகுதியில் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கொசஸ்தலையாற்றின் தரைப்பாலங்கள் முழுகுவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். பாலத்தின்மேல் முழங்காலளவு நீர்தானே என்று வண்டியை இறக்கியவர்களையும் கண்டிருக்கிறோம். சாமி காப்பாற்றுவார் என்ற துணிச்சலில் வெள்ளத்தில் வண்டியை விடுவதைப் பக்தி என்று நான் ஏற்பதில்லை. உள்ளூர்க்காரர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

நான்காம் நாள், அவர்கள் புறப்படும் நாள். விமானம் நள்ளிரவுக்குமேல்தான். காலையிலேயே காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குத் திரும்பினோம். அங்கே போகவேண்டும் என்று கேட்டவர் அம்மா. ஏன் பூண்டி என்று தங்கைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பூண்டி என்றால் சென்னைக்காரர்களுக்கு ஏரி. தீரர் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்தபோது நகரின் தாகம் தீர்க்க முனைந்து, 1940இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அடிக்கல் நாட்டப்பட்ட நீர்த்தேக்கம் அது. 1944இல் நிறைவெய்தியது. முந்தைய ஆண்டே மறைந்துவிட்ட அவர் அதைக் காணவில்லை. பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகரம் என்று நின்றது. 35 அடி உயரத்துக்கு 3231 மில்லியன் கன அடி நீர் பிடிக்கும். எங்கள் தணிகை மலையில் விழும் துளி நந்தியாற்றில் வழிந்து, கொசஸ்தலையில் கலந்து, இங்கே வந்து தங்கி, பிறகு சென்னையில் யாரோ ஒருவர் வீட்டுக் குழாயில் வருகிறது.

அந்த நீருக்கு இடம் கொடுத்தவற்றுள் ஒரு கோயிலும் உண்டு. பாடல் பெற்ற திருவெண்பாக்கம் நீர்த்தேக்கப் பகுதிக்குள் அகப்பட்டதால், மூர்த்திகளை எடுத்து வந்து கரையில் புதிதாகக் கோயில் அமைத்தார்கள். ஊன்றீசுவரர் என்று பெயர். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், ஆரூர் நினைவில் சத்தியத்தை மீறி எல்லையைக் கடந்தார். கடந்த அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன. தடுமாறி நடந்து வெண்பாக்கம் வந்து, நீர் கோயிலுக்குள் இருக்கிறீரா என்று தோழனான ஈசனிடம் கேட்டார். இருக்கிறோம், நீர் போய்வாரும் என்று விட்டேற்றியாகப் பதில் வந்தது. கண் வரவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. நண்பர் கண்ணைக் கேட்டால் இவர் கோலைக் கொடுப்பதா என்று சினந்த சுந்தரர் கோலை வீச, அது நந்தியின்மேல் பட்டுக் கொம்பு ஒடிந்ததாம். இன்றும் அந்த நந்திக்கு ஒரு கொம்பு இல்லை. அம்பிகை மட்டும் மனம் பொறாமல், காஞ்சிக்குச் செல்லும் அவருக்கு மின்னலாய் ஒளிவிட்டு வழி காட்டினாள். அதனால் அவளுக்கு மின்னொளியம்மை என்று திருநாமம். பிறகு காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மறு கண்ணும் பெற்றார் சுந்தரர்.

நாங்கள் சென்றபோது இடி உறுமிக்கொண்டிருந்தது. மின்வெட்டு வேறு, உள்ளே எண்ணெய் விளக்கின் ஒளி மட்டும். உச்சிக்கு நடை சாத்த இன்னும் சற்று நேரமே இருந்தது. அம்பாள் சந்நிதியில் அர்ச்சகர் தட்டோடு உள்ளே சென்றார். அம்மா எங்கள் நடுவில் நின்றிருந்தார். தங்கையும் நானும் எந்தப் பக்கம் என்பது இருட்டில் அவருக்குக் குழம்பியிருக்க வேண்டும். என்னிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு தங்கையிடம் மெல்லக் கேட்டார்:

"அம்பாளுக்கு இன்னிக்கு என்னடா புடவை?"

நான்கு முழத் தொலைவில் அம்பாள் நின்றிருந்தாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அம்மாவின் முகத்தை, இடக்கண்ணை, வலக்கண்ணை, தரையில் ஊன்றிய மூடிய குடையை வரிசையாகப் பார்த்தாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு தெளிவாகச் சொன்னாள்: "பச்சைப் புடவைம்மா. அரக்குக் கரை. கழுத்துல சாமந்தி மாலை. நெத்தியில பெரிய பொட்டு. சிரிச்ச முகமா இருக்கா."

குரலைக் கேட்டதும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "நீயா?" என்றார். "நான்தாம்மா" என்றாள் தங்கை.

எத்தனை நாளாக என்று அவள் கேட்டதும், போன ஆனியிலிருந்து என்று அம்மா சொன்னதும், ஏன் சொல்லவில்லை என்று அவள் என்மேல் பாய்ந்ததும் பிராகாரத்தில் நடந்தவை. கோபம் நியாயமானது, வாங்கிக்கொண்டேன். இந்நோய் வலியில்லாமல் ஓரத்துப் பார்வையை முதலில் தின்னும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இரத்த உறவினரும் நாற்பது வயதுக்குமேல் கண்ணழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் பார்த்துவிட்டேன், நீ ஊருக்குப் போனதும் பார் என்றேன். "இதைச் சொல்லவாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள். பதில் இல்லை.

அதன்பின் அவள் அம்மாவின் கையை விடவே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நந்தியருகே வந்ததும் கையைப் பிடித்து ஒடிந்த கொம்பின்மேல் வைத்தாள். அம்மா அந்த முறிந்த முனையை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல கோவந்தான் அவருக்கு" என்று சிரித்தார். ஊன்றுகோலோடு நிற்கும் சுந்தரரைப் பையன் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அது ஆயாவோட குடை மாதிரி இல்ல?" என்றான். பிறகு தானாகவே புரிந்துகொண்டவன்போல, அம்மாவின் கையிலிருந்து குடையை மெதுவாக வாங்கினான். அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தான். வெளியே வந்ததும் குடையை அவனே விரித்துப் பிடித்தான். நான்கு நாட்களில் அது அப்போதுதான் விரிந்தது.

அணைக்கரையில் பத்து நிமிடம் நின்றோம். ஏரி எப்படி இருக்கிறது என்பதைத் தாயும் மகனும் போட்டி போட்டுக்கொண்டு அம்மாவுக்குச் சொன்னார்கள். நீர் சாம்பல் நிறம் என்றாள் அவள். இல்லை, ஆயாவின் பழைய வெள்ளிச் செம்பின் நிறம் என்றான் அவன். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. அருகே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த, பல இலட்சம் ஆண்டு பழைமையான கற்கருவிகளைப் பற்றி அங்கே அறியலாம். பையனுக்குக் காட்ட ஆசைதான், நேரம் போதவில்லை.

விமான நிலையத்தில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நள்ளிரவாகிவிட்டது. பங்குனி முடிந்ததும் பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் சொட்டு மருந்து போடும் நேரத்தில் நாள்தோறும் அழைப்பாளாம். பின்னிருக்கையில் அம்மா உறங்கிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். திருத்தணி நெருங்கும்போது குரல் வந்தது.

"நந்தியாத்துல தண்ணி ஓடுதா?"

வண்டியைப் பாலத்தின் ஓரமாக நிறுத்தச் சொல்லி, கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன்.

"ஓடுதும்மா. கலங்கலா, நுரையோட. பாலத்துக்கு இன்னும் நாலடி இருக்கு."

"காலையில மழை விட்டிருக்குமா?"

"விடாதும்மா."

"சரி, அப்ப தக்கோலம் போகலாம்" என்றார்.